குடும்பத்துக்கு ஒரு வாக்கு

ஒஸ்லோ ரொம்மன் மண்டபத்தில் சங்கக் கூட்டம். வாக்குரிமை தராமல் வரி போட்ட பிரிட்டிஷ்காரரின் தேயிலையை அமெரிக்கர்கள் கடலில் கொட்டியதுதான் புரட்சிக்கு வித்திட்டதென்று தலைவர் குலேந்திரன் முழங்கினார். எல்லோரும் கைதட்டினார்கள்.

அடுத்து, சந்தாவைக் கூட்ட வாக்கெடுப்பு. நான் எதிர்த்துக் கையுயர்த்தினேன். குலேந்திரன் தடுத்தார்.

“குடும்பத்துக்கு ஒரு வாக்குத்தான், அக்கா. உங்கடை மனுசன் ஏற்கெனவே ஓமெண்டிட்டார்.”

“சந்தா என்ரை சம்பளத்திலையெல்லோ போகுது?”

“விதி அப்பிடி. நீங்கள் போய்த் தேத்தண்ணியைக் கொண்டு வாங்கோ.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குசினியில் தேத்தண்ணி அண்டாவின் ஒரு பிடியைப் பிடித்தேன். மறுபிடியை, கேட்காமலே, அங்கே கோப்பை அடுக்கிக்கொண்டிருந்த ஸ்ரீதேவி பிடித்தாள். கூட்டத்தின் நடுவால் தூக்கிப்போய் வாசலில் கவிழ்த்தோம்.

குலேந்திரன் ஓடிவந்தார். “என்ன செய்யிறியள்?”

“கடல் தூரம், தலைவர். அதுதான் பனியிலை ஊத்தினம்.”