ரப்பர் வளையம் நின்ற இடம்

குண்டு ரொம்ப நாளாகவே குண்டாக இல்லை. ஆனாலும் கடைக்கு வருகிறவர்கள் அவனை அப்படித்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பிறகு எல்லோரும் பேசிவைத்துக்கொண்ட மாதிரி ஒரே வாரத்தில் நிறுத்திவிட்டார்கள். "குண்டண்ணா, என் பிரேக்கைக் கொஞ்சம் பாருங்க" என்று சைக்கிளோடு நுழைகிறவர்கள் இப்போது வெறும் "அண்ணா" என்று சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தார்கள். உள்ளே சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டிருந்த அவன் அக்காவுக்கு அப்போதுதான் பகீரென்றது. வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் தெரிகிறது, கூடவே இருக்கிற தனக்குத் தெரியாமல் போயிற்றே என்று தன்மேலேயே எரிச்சல் வந்தது.

அந்தக் கடைக்கு அக்காவும் தம்பியுமாக இரண்டே பேர்தான். மலையடிவாரத்தில், பேருந்து திரும்புகிற இடத்துக்கு எதிரே கீழே கடை, மேலே இரண்டு அறை. அக்காவுக்குக் கல்யாணம் அமையவில்லை, தம்பிக்கு அமைந்தது நிலைக்கவில்லை. மலைப்பாதையில் கல்லும் வேருமாகக் கிடக்கிற இறக்கத்தில் ஓட்டுகிற சைக்கிள்களை விற்பதும் பழுது பார்ப்பதும் தொழில். வாயும் காலும் தம்பியுடையவை, கையும் கண்ணும் அக்காவுடையவை. அவள் பிரித்து, துடைத்து, எண்ணெய் மாற்றிப் பூட்டுவாள். அவன் மலையில் ஒரு சுற்று இறக்கிக் கொண்டுவந்து, "முன்னாடி ஒரு சத்தம் வருது, மத்தபடி தங்கம்" என்பான்.

அளவு விஷயத்தில் அக்காவிடம் யார் பருப்பும் வேகாது. இந்தச் சைக்கிள்களில் முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்குக்குள் காற்றுதான் ஸ்பிரிங். ஓட்டுகிறவர் எடை எவ்வளவோ அதற்குத் தகுந்த காற்று. கூடிப்போனால் ஒவ்வொரு கல்லும் கையைப் பிடுங்கும், குறைந்துபோனால் ஒவ்வொரு பள்ளத்திலும் வண்டி மண்டியிடும். எடையைக் கேட்டால் ஆண்கள் கொஞ்சம் குறைத்துத்தான் சொல்வார்கள். மனைவி பக்கத்தில் நின்றால் இன்னும் கொஞ்சம் குறையும். அக்கா மூலையில் கிடக்கும் எடை மெஷினைக் காலால் இழுத்துப் போட்டு, "ஏறி நில்லுங்க. பொய்யை நம்பிக் காத்தடிச்சா பல்லு உங்களுதுதான் போகும்" என்பாள்.

அதற்குப் பிறகும் விடமாட்டாள். ஃபோர்க்கின் பளபளப்பான குழாயில் ஒரு சின்ன ரப்பர் வளையம் உண்டு. அதை அடிவரைக்கும் தள்ளிவிட்டு, ஆளை ஏற்றி நிறுத்தி, அலுங்காமல் இறங்கச் சொல்வாள். உடம்பின் கனத்துக்கு ஃபோர்க் எவ்வளவு இறங்கியதோ அந்த இடத்தில் வளையம் நிற்கும். அதுதான் அவளுக்குக் கோர்ட்டுத் தீர்ப்பு.

ஃபோர்க்கின் காலில் எந்த எடைக்கு எவ்வளவு காற்று என்று ஓர் அட்டவணை ஒட்டியிருக்கும். அதன் கடைசி வரிதான் தம்பியின் வரி. "எனக்குக் கீழ எழுத கம்பெனிக்காரனுக்கே தைரியம் வரல" என்று பெருமையடித்துக்கொள்வான். முதல் வரி அக்காவுடையது. அவன் வண்டியில் அவள் உட்கார்ந்தால் வளையம் அசையக்கூட அசையாது. "நீ உக்காந்தது வண்டிக்கே தெரியல, எதுக்கும் ஒரு தடவை கூப்பிட்டுச் சொல்லிடு" என்பான். சின்ன வயதிலும் அப்படித்தான். தம்பியைக் கொஞ்சம் தூக்கிக்கோ என்று அம்மா இடுப்பில் வைத்தால், மறுநிமிடம் இரண்டு பேரும் தரையில் கிடப்பார்கள். அடிபட்டதற்காக அவள் அழவில்லை, தூக்க முடியவில்லையே என்றுதான் அழுதாள். அந்தக் கதையை அவன் கடைக்கு வருகிற எல்லோரிடமும் ஒருவர் விடாமல் சொல்லியிருக்கிறான்.

அவன் வயிற்றில் கட்டி என்றார்கள். அறுத்து எடுத்தார்கள், மாதக்கணக்கில் மருந்து ஏற்றினார்கள். கடைசிப் பரிசோதனைக்கு, "நீ கடையைப் பாரு, நான் போய்ட்டு வந்துடறேன்" என்று தனியாகப் போனான். திரும்பிவந்து, "எல்லாம் சுத்தமா இருக்காம். இனி நல்லாச் சாப்பிட்டு உடம்பைத் தேத்தணும், அவ்வளவுதான்" என்றான். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தாள். அன்று சாயங்காலம் முழுவதும் பாட்டை முணுமுணுத்துக்கொண்டே சக்கரத்தின் கோணல் எடுத்தாள்.

அதற்கப்புறம்தான் அவனுக்குப் புதுசு புதுசாக ஆசைகள் வந்தன. முதலில் பின்சக்கரத்துக்குத் தட்டு மாதிரி பெரிய பல்சக்கரம் வைத்த கேசட் என்னும் பல்சக்கர அடுக்கைக் கேட்டான். ஏற்றத்தில் மிதிப்பது லேசாகும். "இப்ப எல்லாரும் இதுதான் போடுறாங்க, முட்டிக்கு நல்லது" என்றான். அடுத்து முன்பிரேக்குக்குப் பெரிய டிஸ்க். ஒரு விரலால் தொட்டாலே நிற்கும். அப்புறம் பிரேக் லீவரைக் கைக்கு இன்னும் கிட்டத்தில் வைக்கச் சொன்னான். அப்புறம் ஹேண்டில்பார் பிடிக்கு மெத்தென்ற தடித்த கிரிப். ஒவ்வொன்றுக்கும் ஒரு பிரசங்கம் வைத்திருந்தான், வாடிக்கையாளர் தலையில் கட்டுகிற அதே பிரசங்கம். அக்கா எல்லாவற்றையும் மாட்டினாள். கால் தளர்கிறது, விரல் தளர்கிறது, உள்ளங்கை தாங்கவில்லை என்பதைத் தன் கையாலேயே ஒவ்வொன்றாகப் பூட்டிக்கொண்டிருப்பது அவளுக்கு உறைக்கவில்லை. நல்ல சேதியைக் கேட்ட காது வேறு எதையும் கேட்கத் தயாராக இல்லை.

"ரெண்டு கிலோ ஏறிட்டேன்" என்றான் ஒரு மத்தியானம். "ஞாயித்துக்கிழமை மலையில இறங்கப் போறேன்."

"ஏறு, அளந்துடலாம்."

"இரு, பையை மாட்டிக்கறேன். தண்ணிப் பையோடதானே ஓட்டுவேன்? அப்படியே அளக்கணும்னு நீதானே சொல்லுவ?"

அது நியாயம்தான். அக்கா ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டாள். அவன் முதுகில் பையோடு பெடல்மேல் நின்றான், அலுங்காமல் இறங்கினான். அக்கா குனிந்து பார்த்தாள். வளையம் அவள் பயந்ததைவிட எவ்வளவோ நல்ல இடத்தில் நின்றது. வாடிக்கையாளர்களின் கண் பொய், வளையம் பொய் சொல்லாது என்று நெஞ்சு நிறைந்துபோயிற்று. அவன் நாற்காலியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினான், பையைக் கழற்றிப் பணிமேசையில் வைத்தான், கொஞ்சம் படுக்கிறேன் என்று மாடிக்குப் போனான்.

மேசையைத் துடைப்பதற்காக அக்கா பையை ஒரு கையால் எடுத்தாள். அது எழும்பவில்லை.

திறந்து பார்த்தாள். தண்ணீர் உறைக்கு அடியில் பழைய இரும்புக் கேசட்டுகள், கழிவு டப்பாவில் போட்டுவைத்திருந்தவை. கம்பியால் கோத்து, சத்தம் வரக் கூடாது என்று பனியன் துணியால் சுற்றியிருந்தது. பக்கத்தில் கடைக் கதவின் பூட்டுச் சங்கிலி. துணியின் முனைகளை எவ்வளவு ஒழுங்காக மடித்துச் செருகியிருந்தான் என்பதைப் பார்த்ததும்தான் அவளுக்குப் புரிந்தது. அவள் இல்லாத நேரம் பார்த்து அந்த டப்பாவின் முன்னால் குந்தி உட்கார்ந்து, ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துக் கனம் பார்த்திருக்கிறான்.

"திருட்டுப் பயலே" என்றாள் வாய்விட்டு. அடித்து எழுப்பி நாலு கேள்வி கேட்க வேண்டும் என்று மாடிப்படி வரைக்கும் போனாள். முதல் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். முன்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். கேட்டால் அவன் என்ன சொல்வான் என்று தெரிந்துவிட்டது. கேட்ட பிறகு ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று அவனுக்கு இருக்காது. கேட்காமல் விட்டாலும் ஆகாது. இந்தக் காற்றோடு இறங்கினால் முதல் கல்லிலேயே ஹேண்டில்பார் அவன் கையை உதறிவிடும். அந்தக் கைகளில் இப்போது என்ன இருக்கிறது?

எழுந்து கடைக் கதவைச் சாத்தினாள். சைக்கிள் எடை பார்க்கும் கொக்கித் தராசில் பையை மாட்டினாள். வளையம் காட்டிய எடையிலிருந்து பையைக் கழித்துவிட்டு, ஃபோர்க்கின் காலில் இருந்த அட்டவணைமேல் விரலை வைத்தாள். கடைசி வரியிலிருந்து மேலே, இன்னும் மேலே வந்த விரல் முதல் வரியில் நின்றது.

பம்பை மாட்டி, காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டாள். உஸ்ஸென்று அது போகப் போக, வாழ்நாள் முழுக்க அவன் உடம்பில் இருந்த கனமெல்லாம் தன் விரல் வழியாகப் போவது போலிருந்தது. பின்பக்க ஷாக்கிலும் டயர்களிலும் குறைத்தாள். ஃபோர்க் திரும்பி எழும் வேகத்தையும் திருகி மாற்றினாள். சரிபார்க்க ஒரு ஆள் வேண்டுமே. சுவரைப் பிடித்துக்கொண்டு அவளே ஏறி நின்று, அலுங்காமல் இறங்கினாள். வளையம் எங்கே நிற்க வேண்டுமோ, மயிரிழை பிசகாமல் அங்கே நின்றது.

அன்றுவரை எந்த அளவு சரியாக வந்தாலும் சந்தோஷப்பட்ட அக்கா, அந்த வளையத்தைப் பார்க்க முடியாமல் விளக்கை அணைத்தாள். பையில் எல்லாவற்றையும் இருந்தபடியே வைத்து, துணி முனையை அவன் செருகிய மாதிரியே செருகினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வேனில் சைக்கிளை ஏற்றிக்கொண்டு மேல் ரோட்டுக்குப் போனார்கள். அவன் இறங்க வேண்டியது, அவள் வேனைச் சுற்றி ஓட்டி அடிவாரத்தில் காத்திருக்க வேண்டியது என்று ஏற்பாடு. முட்டிக் கவசம் அவன் காலில் வளையல் போலத் தொங்கியது. ஹெல்மெட்டை இறுக்கிவிட்டுப் பையை எடுத்தான்.

"பை எதுக்கு?" என்றாள் அக்கா. "இறங்கத்தானே போற, வேன்லயே இருக்கட்டும்."

அவன் அவளைப் பார்த்தான். அவள் முன்டயரைக் கட்டைவிரலால் அமுக்கிக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை. அவன் பையை வேன் சீட்டில் வைத்தான். எவ்வளவு மெதுவாக வைத்தும் உள்ளே இரும்பு ணங்கென்றது. இரண்டு பேரும் அதைக் கேட்டார்கள்.

"போய்ட்டு வரேன்" என்றான்.

பெடலை மிதிக்காமல் உருளும்போது பின்சக்கரம் கிர்ர்ரென்று ஒரு சத்தம் போடும். அந்தச் சத்தம் மரங்களுக்குள் போவதைக் கேட்டுக்கொண்டே அக்கா வேன் கதவில் சாய்ந்து நின்றாள். முதல் வளைவு, அடுத்த வளைவு. பிறகு சத்தம் நின்றது. நின்றதுதான், திரும்பத் தொடங்கவில்லை. கடைச் செருப்போடு கல்லிலும் வேரிலும் அவள் இறங்கி ஓடினாள்.

அவன் ஒரு பாறைமேல் உட்கார்ந்திருந்தான். சைக்கிள் செயின் பக்கம் மேலே இருக்கும்படி பதவிசாகப் படுத்திருந்தது.

"விழலை. நானாத்தான் நிறுத்தினேன். கையில பிடி நிக்கல."

அக்காவுக்கு மூச்சு வாங்கியது. எதைக் கேட்பது என்று தெரியாமல் இத்தனை வருடமாகக் கேட்கிறதையே கேட்டாள். "வண்டி எப்படி?"

"என்னத்தச் சொல்ல. பாதையில கல்லே இல்லாத மாதிரி இருந்துச்சு. இவ்வளவு நல்லா ஒருநாளும் இருந்ததில்ல." படுத்திருந்த வண்டியைப் பார்த்துக்கொண்டே, "காத்தைக் குறைச்சிட்ட" என்றான்.

"ஆமா."

"எப்பப் பாத்த?"

"அன்னைக்கே. துணி வேற சுத்தி வச்சிருக்க, மகா புத்திசாலி."

அவன் சிரித்தான். சிரிப்பு பாதியிலேயே நின்றது.

"டாக்டர் என்னதான் சொன்னாரு? இப்பவாவது உள்ளதைச் சொல்லுடா."

"பரவிடுச்சாம். இனி மருந்து ஏத்தினா மருந்தே ஆளை முடிச்சிடும்னாரு. பிடிச்சதைச் செய்ங்கன்னாரு."

"ஏன்டா என்கிட்ட மறைச்ச?"

"உன் மூஞ்சியைப் பாத்ததும் வாய் தானா மாத்திச் சொல்லிடுச்சு. சாயங்காலம் சொல்லிடலாம்னு கீழ வந்தேன். நீ பாட்டுப் பாடிக்கிட்டிருந்த. நீ பாடி எத்தனை நாளாச்சு. சரி, நாளைக்குச் சொல்லலாம்னு போய்ட்டேன். அப்புறம் வாயில வரவே இல்ல."

அக்கா அவன் பக்கத்தில் உட்கார்ந்து அவன் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கோபம் இன்னும் இருந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை. தன்னைத் தனியாக விட்டுவிட்டுப் போகப்போகிறான் என்று குழந்தை மாதிரி அழுதாள்.

வெயில் ஏறத் தொடங்கியதும் அவன் எழுந்திருக்கப் பார்த்தான். கால்கள் ஒத்துழைக்கவில்லை. திரும்ப உட்கார்ந்து, "நீ போய் யாரையாவது கூட்டிட்டு வா" என்றான்.

அக்கா அவனுக்கு முதுகைக் காட்டிக் குந்தினாள். "ஏறு."

"உனக்கென்ன கிறுக்கா? உன்னால முடியாது. சின்ன வயசுலயே ரெண்டு பேரும் மண்ணுல கிடந்தோம்."

"ஏறுடா."

அவன் கைகள் அவள் கழுத்தைச் சுற்றின. அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு, பெரிய கனத்தைத் தூக்குகிறவள் போல முழுப் பலத்தோடு எழுந்தாள். அவ்வளவு பலம் வேண்டியிருக்கவில்லை. எழுந்த வேகத்தில் முன்னால் இரண்டடி போய்விட்டாள்.

"வண்டி?" என்றான் அவன்.

"அது எங்கயும் போகாது. அப்புறம் வந்து எடுத்துக்கறேன்."

ஏற்றத்தில் நடந்தாள். அவனுடைய கன்னத்து எலும்பு அவள் தோளில் குத்தியது. வளைவு திரும்பும்போது அவன் காதருகே மெதுவாகக் கேட்டான். "அக்கா, கனக்கறேனா?"

அவள் நின்றாள். மூச்சு ஒரு துளிகூட இரைக்கவில்லை. வேண்டுமென்றே ஒரு தள்ளாட்டம் தள்ளாடி, மரத்தைப் பிடித்துக்கொண்டு, புஸ் புஸ்ஸென்று மூச்சுவிட்டாள்.

"கனக்காம என்ன? முதுகு ஒடியுது. குண்டா, குண்டா. என்னத்தத்தான் தின்னு இப்படி ஏத்தி வச்சிருக்கியோ."

அவன் அவள் கழுத்தில் முகத்தை வைத்துச் சிரித்தான். ரொம்பத் திருப்தியாகச் சிரித்தான். கைகளை இன்னும் கொஞ்சம் இறுக்கிக்கொண்டு, "மெதுவாப் போ, விழுந்துடப் போறோம்" என்றான்.

அவள் மெதுவாகவே போனாள்.