அக்டோபர் பாக்கி

செப்டம்பர் முப்பதாம் தேதியே முத்தியால்பேட்டை வீட்டைக் காலி செய்துவிட்டு ரெட்டியார்பாளையம் வந்துவிட்டோம். அன்றைக்கே கேபிளை நிறுத்தச் சொல்லி, கேபிள்காரன் கோபிநாத் கையில் அந்த மாதப் பணத்தையும் கொடுத்தேன். எட்டு மாதம் கழித்து 'அக்டோபர் பாக்கி ரூ.750' என்று வீடு தேடி ஒரு சீட்டு வருகிறது. மாதம் நூறு ரூபாய் கேபிளுக்கு எழுநூற்றைம்பதாம்! யாரிடம் காது குத்தப் பார்க்கிறான்?

என் வீட்டுக்காரர் வாட்ச்மேன் வேலைக்குப் போயிருந்தார். அவரிடம் சொல்லாமலே பஸ் ஏறினேன். உண்மையைச் சொன்னால், அந்தச் சீட்டு எனக்கு ஒரு நல்ல சாக்கு. போன ஆடியில் எங்கள் ஒரே மகள் துர்கா, பைக் மெக்கானிக் கலைவாணனோடு போய்க் கல்யாணம் செய்துகொண்டாள். தெருவில் தலைகாட்ட முடியவில்லை என்றுதான் இவர் வீட்டையே மாற்றினார். முத்தியால்பேட்டைப் பக்கம் நான் எட்டிப்பார்க்கக் கூடாது என்பது அவர் உத்தரவு. போனவள் ஒரு தடவையாவது என்னைத் தேடி வந்தாளா? அதை மட்டும் யாரிடமாவது கேட்டுவிட வேண்டும். வந்திருக்கமாட்டாள் என்றுதான் நினைத்தேன். பெற்றவளை இப்படியா தலைமுழுகுவாள் என்று அவள்மேல் எனக்கு அவ்வளவு ஆத்திரம்.

மணிக்கூண்டுக்குப் பக்கத்துச் சந்தில் கோபிநாத்தின் கேபிள் ஆபீஸ். உள்ளே நுழைந்ததுமே ஆரம்பித்தேன்.

"என்னா கோபி, காலி பண்ண வூட்டுல யாரு டிவி பாத்தது? பேயா?"

அவன் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டான். "உக்காருங்கக்கா. இது கேபிள் பணம் இல்ல. அண்ணன் சொல்லலையா?"

"என்னாத்த சொல்லணும்?"

"நம்ம லோக்கல் சேனல்ல பத்து நாளு விளம்பரம் போட்டாரு. பாதிதான் குடுத்தாரு. இது மீதி."

"அவரு என்னா ஜவுளிக்கடையா வச்சிருக்காரு, விளம்பரம் போட?"

கோபி கம்ப்யூட்டரில் எதையோ தேடித் திறந்தான். திரை முழுக்க என் மகள். பன்னிரண்டாம் வகுப்பில் எடுத்த போட்டோ, ரெட்டை ஜடையோடு. மேலே கொட்டை எழுத்தில் 'கண்ணீர் அஞ்சலி'. அவள் வீட்டைவிட்டுப் போன தேதியை மறைந்த தேதியாகப் போட்டிருந்தது. கீழே, 'மீளாத் துயரில்: தந்தை தெய்வசிகாமணி, தாய் ஆதிலட்சுமி'.

ஓடிப்போன பிள்ளைக்கு இப்படிப் போஸ்டர் அடித்து ஒட்டும் அப்பன்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். என் வீட்டிலேயே ஒருத்தர் இருப்பார் என்று நினைக்கவில்லை. ரெட்டியார்பாளையத்தில் எங்களுக்கு வேறு ஆள் கேபிள், இந்தச் சேனல் அங்கே வராது. நான் பார்க்கக் கூடாது என்றுதான் வீடு மாறும்வரை மனுஷன் காத்திருந்திருக்கிறார்.

"உசுரோட இருக்கற பொண்ணுடா! உன் கையால எப்படிப் போட்ட?"

"ரெண்டு பேரும் சேந்து சொல்றீங்கன்னு நெனச்சேங்க்கா." தலையைக் குனிந்துகொண்டான். பிறகு மெதுவாக, "நாலாம் நாளு அது இங்க வந்துச்சு" என்றான்.

"யாரு?"

"துர்காதான். பழைய வூடு பூட்டிக் கெடக்கு, எதிர் வூட்டுல யாரும் வாயத் தொறக்கல, அம்மா எங்க இருக்காங்கன்னு கேட்டுச்சு. யாருக்கும் அட்ரஸ் குடுக்கக் கூடாதுன்னு அண்ணன் சத்தியம் வாங்கியிருந்தாரு. நான் குடுக்கலக்கா."

வந்திருக்கிறாள். என்னைத் தேடி வந்திருக்கிறாள். அந்த ஒரு நொடி எனக்கு வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை.

"அந்நேரம் பாத்து இங்க டிவில இந்த விளம்பரம் ஓடிச்சு" என்றான் கோபி. "நின்னு பாத்துச்சு. மறுபடியும் வர்ற வரைக்கும் நின்னு இன்னொரு தடவ பாத்துச்சு. 'அப்பா செய்வாருண்ணா, தெரியும். அம்மாவுமா?'ன்னு கேட்டுச்சு."

"நீ என்னா சொன்ன?"

"என்னாக்கா சொல்றது? உங்க பேரு இருக்குதே. திருப்பூருக்குப் போறோம், இனிமே இங்க வரலன்னு சொல்லிட்டுப் போயிடுச்சு."

இத்தனை நாள் அவளை நான் திட்டிக்கொண்டிருக்கிறேன். அவளோ, நான் அவளைக் கொன்று அழுதுவிட்டேன் என்று நம்பிக்கொண்டு எங்கேயோ இருக்கிறாள். வாய்விட்டு அழுதேன். கோபி எழுந்துபோய் வாசலில் நின்றுகொண்டான்.

அவன் திரும்பி வந்ததும் சொன்னேன். "அந்த எழுநூத்தம்பதுல ஒரு பைசா தரமாட்டேன். அத அவருகிட்டயே வாங்கிக்க. இப்ப நான் ஒன்னு போடணும், அதுக்கு எவ்ளோன்னு சொல்லு."

"பணத்த விடுங்கக்கா. என்னா போடணும்?"

திரையில் இருந்த ரெட்டை ஜடையைப் பார்த்தேன். "'துர்கா, அது அம்மா போட்டது இல்ல.' அப்படியே போடு" என்றேன். "கீழ என் பேரு மட்டும். ரெட்டியார்பாளையம் அட்ரஸும் போடு. அவரு என்னா செய்வாரோ செய்யட்டும்."

ஒவ்வோர் எழுத்தாக அடித்து முடித்தான். பிறகு என் முகத்தைப் பார்க்காமல், "நம்ம சேனலு இங்க நாலஞ்சு தெருவுக்குத்தாங்க்கா வரும். திருப்பூருக்கு எல்லாம்..." என்று இழுத்தான்.

"தெரியும் தம்பி" என்றேன். "நீ போடு."