அக்கா ஃபில்டரில் எழுதிய தேதி

1

இந்தக் கதை எனக்குத் தானாகத் தோன்றியதல்ல. அக்கா எழுதச் சொன்னாள். சொன்னாள் என்பதுகூட மரியாதைக்குத்தான். கார் ஷெட்டில், கையில் பதினேழாம் நம்பர் ஸ்பேனரோடு நின்றபடி ஆணையிட்டாள்.

"நீதானே கெடுத்தே? நீயே எழுதிக் குடு. நடந்ததை நடந்தபடி எழுது. உன் சரக்கை அதுல கலக்காதே."

நான் என்ன கெடுத்தேன் என்பதைப் பிறகு சொல்கிறேன். தள்ளிப்போடுகிறேன் என்பதை வாசகர் இப்போதே குறித்து வைத்துக்கொள்ளலாம். எப்படியும் நான்காம் பகுதியில் மாட்டிக்கொள்வேன்.

எழுதி அடித்த தொடக்கங்கள்:

மழை ஓய்ந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில்... (மழையே பெய்யவில்லை.)

காரின் அடிவயிற்றிலிருந்து கறுப்புக் கண்ணீர்... (அக்கா படித்தால் ஸ்பேனர் என் மண்டையில்தான் இறங்கும்.)

ஒரு பெண் காருக்கு அடியில் படுத்திருக்கிறாள் என்றால்... (என்றால் என்ன? ஓர் ஆண் படுத்திருந்தால் இப்படித் தொடங்கியிருப்பேனா?)

சரி, சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன்.

2

அக்கா ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருபத்திரண்டு வருடமாக வேலை பார்க்கிறாள். ரத்தக் குப்பி கைக்கு வந்ததும் தேதி, நேரம், தன் பெயரின் முதலெழுத்து மூன்றையும் அதன்மேல் மார்க்கரால் எழுதுவாள். எழுதாத குப்பியை யார் கொண்டுவந்து கொடுத்தாலும் திருப்பி அனுப்பிவிடுவாள். வீட்டிலும் இதே கதைதான். மருந்துச் சீசா, பிரித்த பால், மாற்றிய பல்பு எல்லாவற்றிலும் தேதி இருக்கும். மாமாவின் நெற்றி மட்டும்தான் பாக்கி என்று நான் கேலி செய்வதுண்டு. மாமா என்றால் அக்காவின் வீட்டுக்காரர். நல்லவர், யாரோடும் சண்டைக்குப் போகமாட்டார். இந்தக் கதைக்கு அவரால் ஒரு பயனும் இல்லை.

போன தடவை சர்வீஸ் முடிந்து கார் வீட்டுக்கு வந்த அன்றே அக்கா ஆயில் அளவு பார்க்கிற டிப்ஸ்டிக் கம்பியை உருவி வெள்ளைத் தாளில் துடைத்துப் பார்த்தாள். புது ஆயில் தேன் நிறத்தில் இருக்க வேண்டும். தாளில் பட்டதோ கரி. இந்தத் தடவை சர்வீஸுக்கு விடுவதற்கு முன்னால் காருக்கு அடியில் கையை விட்டு ஆயில் ஃபில்டரில் தேதி, நேரம், முதலெழுத்து எழுதினாள். ஆயிலை வடிகட்டுகிற, டம்ளர் அளவுள்ள தகர உருளை அது. ஒவ்வொரு தடவை ஆயில் மாற்றும்போதும் அதையும் மாற்றியாக வேண்டும்.

மாலையில் கார் திரும்பி வந்தது. கண்ணாடியில் "ஆயில், ஃபில்டர் மாற்றப்பட்டது" என்று சீட்டு ஒட்டியிருந்தார்கள். அக்கா குனிந்து டார்ச் அடித்தாள். அவளுடைய கையெழுத்தே அவளைப் பார்த்துச் சிரித்தது.

[சிரிக்கவில்லை. கையெழுத்து அங்கே இருந்தது, அவ்வளவுதான். நடந்ததை நடந்தபடி.]

மறுநாள் சர்வீஸ் நிலையத்தில் சூப்பர்வைசரின் மேசைக்கு முன்னால் போய் நின்றாள். நாற்காலி காலியாகத்தான் இருந்தது. உட்காரச் சொல்லவில்லை.

"சில ஃபில்டர் கம்பெனிலேருந்தே அப்படி எழுதித்தான் வரும் மேடம்."

"என் முதலெழுத்தோடயா?"

முந்தின நாள் மாலை செல்போனில் எடுத்த படத்தை நீட்டினாள்.

"இது எந்த வண்டியோடதுன்னு யாருக்குத் தெரியும்? சார் வரலையா? சாரை வரச் சொல்லுங்க, பேசிக்கலாம்."

"வண்டி என்னுது. எழுதினது நான். சார் வந்து என்ன பேசணும்?"

"அப்ப ஒண்ணு பண்ணுங்க. நீங்களே கழட்டி எடுத்துட்டு வாங்களேன், பாப்போம்."

பக்கத்தில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள்.

இதை எழுதும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. சர்க்கரை முந்நூறு என்று அக்கா எழுதிக் கொடுத்தால் டாக்டர் மறுபேச்சில்லாமல் மருந்து எழுதுகிறார். யாரோ ஒருவருடைய உயிர் அந்த எண்ணை நம்பிக் கிடக்கிறது. அதே கை ஒரு தகர டப்பாவின் மேல் எழுதினால் மட்டும் சாட்சிக்கு சார் வரவேண்டுமாம்!

"விடு, அடுத்த தடவை வேற எடத்துல குடுத்துக்கலாம்" என்றார் மாமா.

"வேற எடத்துக்குப் போயிட்டா அங்க நான் பொய் சொன்னவளாவே இருந்துடுவேன். கழட்டிட்டு வான்னு சொன்னான்ல? கழட்டிக் கொண்டுபோய் மேசையில வைக்கறேன்."

3

ஞாயிற்றுக்கிழமை. அதற்குள் காரின் கையேட்டை அக்கா இரண்டு தடவை படித்து முடித்திருந்தாள்.

முதல் பிரதியில் இந்த இடத்தில் அவளை ஒரு தப்புச் செய்ய வைத்தேன். ஆயிலை வடிக்கிற போல்ட்டுக்குப் பதிலாக கியர் பெட்டியின் போல்ட்டைக் கழற்றிவிடுகிறாள். தரையெல்லாம் எண்ணெய். சுவரோரம் உட்கார்ந்து அழுகிறாள். மாமா வந்து தோளைத் தொடுகிறார். கதை என்றால் எங்காவது ஒரு சறுக்கல் வேண்டாமா?

அக்கா அந்தப் பக்கத்தை நின்றுகொண்டே படித்தாள்.

"நான் எப்போடா அழுதேன்?"

"இல்லக்கா, கதைக்காக..."

"இவளுக்கு என்ன தெரியும்னு அவன் சிரிச்சான். அதையேதான் நீ எழுதி வச்சிருக்கே. உனக்கும் அவனுக்கும் என்ன வித்தியாசம்? அன்னைக்குத் தப்பு ஒண்ணு நடந்துச்சு. அது யார் பண்ணது? அது எங்க, இதுல காணோம்?"

எனக்கு அப்போது கோபம்தான் வந்தது. எழுதுகிறவனுக்கு இந்தச் சுதந்திரம்கூட இல்லையா என்று இரண்டு நாள் பேசாமல் இருந்தேன். இப்போது அந்தக் கோபத்தை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அந்தப் பக்கத்தைக் கிழித்தாயிற்று. உள்ளபடி நடந்தது இது:

ஐந்து நிமிடம் எஞ்சினை ஓடவிட்டு நிறுத்தினாள். சூடாக இருந்தால்தான் ஆயில் முழுசாக வடியும். பின்சக்கரங்களுக்குக் கல் வைத்து, முன்பக்கத்தை ஜாக்கியால் தூக்கி, இரண்டு ஸ்டாண்டுகளில் நிறுத்தினாள். கையால் அசைத்துப் பார்த்த பிறகுதான் அடியில் போனாள். சரியான போல்ட்டை, ஒரே தடவையில், சரியான பக்கம் திருப்பினாள்.* தட்டில் ஆயில் விழுந்தது.

"நாலு நாள் ஆயிலாம் இது. வந்து பாத்துக்கோ" என்று அடியிலிருந்து குரல் வந்தது. பார்த்தேன். சட்டியில் அடிப்பிடித்த கரி தேவலாம்.

* "சரியான" என்று இரண்டு தடவை வந்துவிட்டது, ஒன்றை எடுக்கலாம். எடுக்கமாட்டேன்.

4

தப்பு என்னுடையது.

ஃபில்டர் லேசில் அசையவில்லை. பழைய பெல்ட்டைச் சுற்றி இழுத்துத்தான் கழற்றினாள். தேதி, நேரம், முதலெழுத்து மூன்றும் எண்ணெய்ப் பிசுக்குக்கு அடியில் தெளிவாக இருந்தன. நான் பார்த்தேன்.

"இதைப் பலகை மேல வை. தொடாதே" என்று சொல்லிவிட்டு, புது ஃபில்டரின் ரப்பர் வளையத்தில் ஆயில் தடவி, கையாலேயே திருகி ஏற்றத் தொடங்கினாள்.

எனக்குச் சும்மா நிற்க வராது. பலகையில் இருந்த ஃபில்டரைப் பார்த்தேன். ஒரே அழுக்கு. இதையா நாளைக்கு மேசையில் வைப்பது? பார்க்கக் கொஞ்சம் லட்சணமாக இருக்க வேண்டாமா? துணியைப் பெட்ரோலில் நனைத்து அழுத்தித் துடைத்தேன். எழுதியதையெல்லாம் மெருகேற்றியே பழகிய கை. பிசுக்கு போயிற்று, பளபளப்பு வந்தது. தேதியும் போயிற்று. அழியாத மை என்று அந்தப் பேனாவில் அச்சடித்திருக்கிறார்கள். அவர்களும் பொய்யர்கள்தான்.

அக்கா வெளியே வந்து பார்த்தாள். அந்த நேரத்தில் அவள் என்னை நாலு அறை அறைந்திருந்தால் நன்றாயிருக்கும். அறையவில்லை. போல்ட்டைப் புது வாஷரோடு முடுக்கி, காரை இறக்கி, மூன்றரை லிட்டர் ஆயிலை அளந்து ஊற்றினாள். எஞ்சினை ஓடவிட்டு எங்கும் சொட்டவில்லை என்று உறுதி செய்தாள். நிறுத்தி, சற்றுப் பொறுத்து டிப்ஸ்டிக்கை உருவினாள். தேன் நிறம். பழைய ஆயிலைக் கேனில் ஊற்றி மூடி, அதன்மேல் தேதி எழுதினாள். எல்லாம் முடிந்த பிறகுதான் என் பக்கம் திரும்பினாள். அதன் பிறகு அவள் சொன்னதுதான் இந்தக் கதையின் முதல் பகுதி.

5

முடிவு வேண்டும். மூன்று எழுதினேன்.

முதல் முடிவில் சூப்பர்வைசர் இந்தத் தாள்களைப் படித்துத் தலை குனிகிறான். எழுதிய எனக்கே நம்பிக்கை வரவில்லை.

இரண்டாவதில் அவன் ஃபில்டரை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்கிறான். "எவ்வளவு பளபளன்னு இருக்கு பாருங்க மேடம். நாங்க மாட்டின புது ஃபில்டர்தான் இது" என்கிறான். இதுதான் நடக்கும் என்று என் உள்மனசு சொல்கிறது. அவனுக்கு அந்தப் பளபளப்பை நான்தான் போட்டுக் கொடுத்தேன்.

மூன்றாவதில் அக்கா போவதே இல்லை. இனி தன் காருக்குத் தானே ஆயில் மாற்றிக்கொண்டு நிம்மதியாக...

மூன்றையும் படித்துவிட்டு அக்கா தாள்களை மேசையில் போட்டாள்.

"எனக்கு முடிவு எழுத நீ யாருடா? நாளைக்கு நான் போறேன். இதையும் ஃபில்டரையும் எடுத்துட்டுப் போறேன். நம்பறதும் நம்பாததும் படிக்கறவங்க பாடு."

மார்க்கரை எடுத்தாள். கடைசித் தாளின் அடியில் தேதி, நேரம், முதலெழுத்து மூன்றையும் எழுதினாள்.

"துடைச்சுடாதே."

துடைக்கவில்லை. அதற்கு மேலே மிச்சமிருக்கும் இடத்தில்தான் இந்த வரிகளை எழுதுகிறேன். மேசைக்கு அந்தப் பக்கம் இப்போது உட்கார்ந்திருப்பது நீங்கள். முன்னால் ஒரு பளபளக்கும் பழைய ஃபில்டரும் இந்தத் தாள்களும் இருக்கின்றன. எதிரில் அக்கா நிற்கிறாள், தனியாகத்தான் வந்திருக்கிறாள். என்ன சொல்வீர்களோ தெரியாது. சொல்வதற்கு முன்னால் அவளை உட்காரச் சொல்லுங்கள்.