வாயால் ஒரு வார்த்தை

சபையின் ஞானஸ்நானத் தொட்டிக்குக் குழாய் போட்டது அவள் புருஷன்தான். அது ஒழுகும்போதெல்லாம் கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு இறங்கி அடைத்ததும் அவர்தான். “உங்க சபையில இந்தத் தொட்டிக்குள்ள அதிகமா இறங்கி ஏறினவன் நான்தான், தெரியும்ல?” என்று பாஸ்டரையே கிண்டலடிப்பார். ஆனால் தண்ணீர் நிரப்பிய பிறகு ஒருநாளும் இறங்கியதில்லை. தலைகீழாக நின்று கேட்டாலும் அசையாத கல்லுளிமங்கன்.

அவளோ ஜெபிக்கவென்றே பிறந்தவள். ஆரம்பித்தால் பானையில் சோறு அடிபிடித்துப் போகும். “ஜெபராணி, கொஞ்சம் அடுப்பையும் பாரும்மா” என்பார். எதிர்வீட்டுப் பக்கவாதக்காரரைத் தினமும் தூக்கிக் குளிப்பாட்டிவிட்டுத்தான் அவர் வேலைக்குக் கிளம்புவார். அதே நேரத்தில் அவள் அந்த மனுஷனுக்காக உருகி உருகி ஜெபித்துக்கொண்டிருப்பாள். இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் குறுக்கே போனதில்லை.

இப்போது அவர் படுத்துவிட்டார். நுரையீரல் முழுக்கப் புற்று. இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். அதைக்கூட அவள் தாங்கிக்கொண்டாள். செத்த பிறகு பரலோகத்திலும் அவரைப் பார்க்க முடியாதோ என்ற பயம்தான் அவளைத் தின்றது.

“என்னங்க, பாஸ்டர் முன்னாடி ‘நம்புறேன்’னு ஒரே ஒரு வார்த்தை சொல்லிடுங்க.”

“மனசுல இல்லையே.”

“நீங்க செஞ்ச நல்லதெல்லாம் அங்க செல்லாதுங்க. நான் ஒரு பக்கம், நீங்க ஒரு பக்கம்னு போயிட்டா…”

“ஒழுகுற குழாயை ஒழுகலைன்னு சொல்லி யார்கிட்டயாவது கூலி வாங்கியிருக்கேனா? போற நேரத்துல பொய் சொல்லச் சொல்றியே.”

அவளும் விடவில்லை. பிடித்த முயலுக்கு மூன்றே கால். அவர் சொல்லும்வரை உபவாசம் என்று பட்டினி கிடந்தாள். ராத்திரி முழுக்க முழங்காலில் நின்றாள். ஒரு மத்தியானம் அவர் உடம்பைத் துடைக்க வெந்நீர் கொண்டுவந்தவள், தலை சுற்றிச் சுவரோடு சரிந்தாள். பாத்திரம் கவிழ்ந்து அறையெல்லாம் தண்ணீர். அவர் எழுந்திருக்கப் பார்த்தார். முடியவில்லை. படுக்கையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார்.

“நான் சொல்லிட்டா சாப்பிடுவியா?”

“சாப்பிடுறேங்க.”

“தூங்குவியா?”

“தூங்குறேன்.”

“சரி. பாஸ்டரைக் கூப்பிடு.”

பாஸ்டர் வந்தார், குனிந்து கேட்டார். அவர் பாஸ்டரைப் பார்க்கவில்லை, அவளையே பார்த்தார். “நம்புறேன்” என்றார். பாஸ்டர் ஸ்தோத்திரம் சொல்லி அழுதேவிட்டார். அவளுக்குத் தரையில் கால் பாவவில்லை.

“போ, போய்ச் சாப்பிடு” என்றார் அவர்.

அடுப்படியில் உட்கார்ந்து முதல் கவளத்தை வாயில் வைத்தபோதுதான் அவளுக்குச் சுருக்கென்றது. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. திரும்பப் போய், “நிஜமாத்தான் சொன்னீங்களா?” என்று கேட்டிருக்கலாம். கேட்டால் அவர் உண்மையைச் சொல்லிவிடுவார். பாவி, அவள் கேட்கவில்லை. அந்த வாரமே அவர் போய்விட்டார்.

அடக்க ஆராதனையில் பாஸ்டர் அந்தக் கடைசி வார்த்தையைச் சொல்லிச் சொல்லிப் பூரித்தார். “குடுத்து வெச்சவ நீ, கடைசி நேரத்துல அவரைக் கரை சேர்த்துட்ட” என்று பெண்கள் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்கள். எல்லோருக்கும் தலையாட்டினாள்.

வீடு காலியானதும் கட்டிலோரம் முழங்கால் போட்டாள். வழக்கமாகக் கொட்டும் ஜெப வார்த்தை ஒன்றும் வரவில்லை. வீட்டுப் பேச்சுதான் வந்தது.

“ஆண்டவரே, அவர் வாழ்நாள்ல ஒரே ஒரு பொய்தான் சொன்னார். அதுவும் நான் ஒரு வாய் சாப்பிடணும்னு சொன்னார். அதுக்காக அவரை வெளிய நிறுத்தினீங்கன்னா, இப்பவே சொல்லிட்டேன், நானும் உள்ள வரல.”

ஆமென் சொல்லாமலே எழுந்துவிட்டாள்.