மேற்கு முனையில் இறங்கியது

கழுத்தில் கத்தி இருக்கும்போது மனுஷன் அசையக் கூடாது. பஸ் டிரைவருக்கு அது தெரியாததா? வருடக்கணக்காக ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அதே நாற்காலியில் சாய்ந்து, அதே சலூன்காரரிடம் தொண்டையை நீட்டிக் கொடுத்துக்கொண்டிருப்பவர். ஆனாலும் அன்றைக்கு அசைந்துவிட்டார். தாடைக்குக் கீழே சுருக்கென்றது. வெள்ளை நுரையில் சிவப்பாக ஒரு கோடு இறங்கியது.

“அடப்பாவி! கூட்டாளி கழுத்தை அறுத்துட்டேன்னு என்னைக் கம்பி எண்ண வைக்கவா பாக்கற?” என்று பதறிய சலூன்காரர் படிகாரக் கட்டியைத் தேடினார்.

 டிரைவருடைய பார்வை எதிரே இருந்த கண்ணாடியில் நிலைகுத்தி நின்றது. கண்ணாடிக்குள் பின்சுவர் தெரிந்தது. பின்சுவரில், ஊருக்கே தெரிந்த அந்தப் பெரிய படம்: ஒலியை மிஞ்சிப் பறக்கிற காங்கார்டு விமானம் மூக்கைத் தாழ்த்திக்கொண்டு தரையிறங்குகிற படம். இந்தச் சலூனுக்கு முடி வெட்ட வந்து அந்தப் படத்தின் கதையைக் கேட்காமல் திரும்பிப் போனவர் யாரும் கிடையாது. இன்றைக்கு அதற்குப் பக்கத்தில் புதிதாகச் சில சின்னப் படங்கள் முளைத்திருந்தன.

பெஞ்சில் முறைக்காகக் காத்திருந்த மருந்துக்கடைக்காரரிடம் சலூன்காரர் காலையிலிருந்து அதைத்தான் அளந்துகொண்டிருந்தார். “எம்பொண்ணு வேலை சார். என் பொறந்தநாளுக்குப் பழைய பிலிம் சுருளைத் தேடி எடுத்து, காங்கார்டு வந்த அன்னைக்கு எடுத்த அத்தனையும் கழுவிக் கொண்டாந்து மாட்டிட்டா. எனக்கே தெரியாது. காலைல கடையைத் திறந்தா, சுவர் பூரா பிளேனு!”

வலது ஓரத்தில் இருந்த சின்னப் படத்தில் தரையிறங்குகிற ஒரு தபால் விமானம், மஞ்சள் வால். ‘மத்தியானப் பார்சல்’ என்பது டிரைவரும் கூட்டாளிகளும் அதற்கு வைத்த பெயர். மத்தியானச் சாப்பாட்டு வேளையில் வருகிற அதைப் பார்த்துத்தான் இவர்கள் சாப்பாட்டுப் பொட்டலத்தையே பிரிப்பார்கள். அதன் இறக்கைக்குக் கீழே ஒரு தண்ணீர் டேங்க். அந்த டேங்க் ஓடுபாதையின் மேற்கு முனையில்தான் இருக்கிறது. டிரைவர் அசைந்தது அதைப் பார்த்துத்தான்.

ஏன் என்று சொன்னால்தான் விளங்கும். டிரைவர், டிரைவருடைய அண்ணன், சலூன்காரர், மூன்று பேரும் விமானப் பைத்தியங்கள். அண்ணன்தான் முதல் பைத்தியம், மற்ற இருவரும் அவரிடமிருந்து தொற்றிக்கொண்டவர்கள். விடுமுறை நாளில், வேலிக்கு மேலே எட்டிப் பார்க்க ஆளுக்கொரு ஏணியைத் தூக்கிக்கொண்டு விமான நிலையத்து வேலிக்குப் போய்விடுவார்கள். சலூன்காரர் ஜம்போ ஜெட் கட்சி. “முதுகுல கூன் விழுந்தாலும் ராணி ராணிதான்டா” என்பார். அண்ணனுக்குக் காங்கார்டுதான் எல்லாம். “சாயங்காலம் சூரியன் மறைஞ்சப்புறம் அதுல ஏறி மேற்கே போனா, போன சூரியன் திரும்ப எழுந்து வரும்டா. சூரியனையே துரத்திப் பிடிக்கிற பிளேன் வேற எது?” என்று கேட்பார். வாழ்நாளில் ஒரு விமானத்திலும் கால் வைக்காத மனுஷன், அதன் ஜன்னல் உள்ளங்கை அகலம்தான் இருக்கும் என்று தினமும் அதில் போய் வருகிறவர் மாதிரி சொல்லுவார்.

மூன்று பேருக்கும் ஒரே ஒரு சட்டம் இருந்தது. விமானம் எதிர்காற்றில்தான் இறங்கும். காற்று மாறினால் அது வந்து இறங்குகிற முனையும் மாறிவிடும். தப்பான முனையில் நிற்பவன் ஊரைச் சுற்றி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். ஆகவே காற்று மாறியது யாருக்குத் தெரிந்தாலும் மற்றவர்களுக்குச் சொல்லிவிட வேண்டும். சண்டை போட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாலும் சொல்லத்தான் வேண்டும்.

காங்கார்டுக்கு ஓய்வு கொடுக்கும் முன்னால் அது ஊர் ஊராகப் போய் விடைபெற்றுக்கொண்டது. இந்த ஊருக்கும் ஒரு சாயங்காலம் வருவதாக இருந்தது. அப்போது அண்ணன் ஆஸ்பத்திரியில் கிடந்தார். டாக்டர்கள் கையை விரித்துவிட்டார்கள். “ஒரே ஒரு தடவை பாத்துட்டேன்னா போதும்டா” என்றார். டிரைவர் நர்ஸிடம் கெஞ்சி, டாக்டரிடம் கத்தி, அண்ணனைக் குழந்தை மாதிரி தூக்கிக் காரில் வைத்தார். கிளம்பும் முன், காலையிலேயே வேலிக்குப் போயிருந்த சலூன்காரருடைய செல்போனுக்குக் கூப்பிட்டார். மத்தியானச் சாப்பாடு முடிந்து வெகுநேரம் ஆகியிருந்தது. “கிழக்கா, மேற்கா?” என்று கேட்டார். “கிழக்குடா, கண்ணை மூடிட்டு வா” என்று பதில் வந்தது.

கிழக்கு முனையில் சக்கர நாற்காலியை வேலியோரம் நிறுத்தி, போர்வையைச் சரிசெய்துகொண்டிருந்தபோதே தூரத்தில் வானம் இடிந்து விழுகிற சத்தம் கேட்டது. சத்தம் மேற்கேயிருந்து வந்தது. அண்ணன் காலியான வானத்தைப் பார்த்து, “வந்துடுச்சா? எங்கடா?” என்றார். அந்த வாரமே போய்ச் சேர்ந்தார்.

சாவு வீட்டில் டிரைவரைக் கட்டிக்கொண்டு அழுதவர் சலூன்காரர்தான். காற்று கடைசி நிமிஷத்தில் மாறிவிட்டதாம். அடித்துப் பிடித்து மேற்கே ஓடியதில் ஒரே ஒரு படம்தான் கிடைத்ததாம். அட, பாவம் என்று டிரைவர்தான் அவரைத் தேற்றினார். அந்தப் பெரிய படத்துக்கு ஆணி அடித்துக் கொடுத்தவரும் டிரைவர்தான்.

இப்போது அவர் கழுத்தில் கட்டியிருந்த துணியோடு எழுந்து நின்றார். பாதி முகத்தில் நுரை, கழுத்தில் ரத்தம்.

“மத்தியானப் பார்சலை எங்க நின்னுடா எடுத்த?”

சலூன்காரர் சிரிக்கத்தான் பார்த்தார். சிரிப்பு பாதியில் நின்றது. அவர் திரும்பி அந்தச் சின்னப் படத்தைப் பார்த்தார். மகள் மாட்டியதைக் காலையிலிருந்து பெருமையடித்தாரே தவிர, ஒவ்வொன்றாகப் பார்த்திருக்கவில்லை.

“மச்சான்... அது வேற நாளா இருக்கும்...”

“ஒரே நாள்னு இப்பத்தானே இவர்கிட்ட சொன்ன! மத்தியானமே காத்து மாறிடுச்சு. மேற்கால நின்னுக்கிட்டு, என்னைக் கிழக்கே போகச் சொல்லியிருக்க.”

“பழைய கதைடா. விடு.”

விடுவதா? டிரைவருடைய முதல் குத்து மூக்கில் விழுந்தது. முப்பது வருடம் ஸ்டியரிங்கைப் பிடித்து உரமேறிய கை அது. மூக்கு நொறுங்கிய சத்தம் பெஞ்சு வரைக்கும் கேட்டது. சலூன்காரர் கண்ணாடியில் போய் மோத, கண்ணாடி விரிசல் விட்டு, பவுடர் டப்பாவும் வாசனைத் தண்ணீர் பாட்டிலும் உருண்டு தரையில் சிதறின. மருந்துக்கடைக்காரர் “ஐயையோ, விடுங்க, விடுங்க!” என்று கத்தியபடியே வாசலைப் பார்த்து ஓடினார்.

சலூன்காரரும் சும்மா இருக்கவில்லை. கையில் இருந்த கத்தியை வீசினார். டிரைவரின் முன்கை நீளமாகப் பிளந்தது. டிரைவர் அதைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை. கத்தி பிடித்த மணிக்கட்டைப் பற்றி நாற்காலியின் இரும்புக் கைப்பிடியில் மடார் மடாரென்று அடித்தார். கத்தி தெறித்து பெஞ்சுக்கு அடியில் போயிற்று. தலைமுடியைக் கொத்தாகப் பிடித்து, முகத்தைக் கழுவுதொட்டியின் விளிம்பில் மோதினார். ஒரு தரம் அண்ணனுக்காக. இன்னொரு தரம், ஆணி அடித்துக் கொடுத்த தன் மடத்தனத்துக்காக. பல் ஒன்று தொட்டிக்குள் விழுந்தது.

“ஏன்டா?” டிரைவர் அழுதார். அழுதுகொண்டே அடித்தார். “சொல்லுடா, ஏன்?”

“சக்கர நாற்காலி வந்தா... கூட்டம் கூடிடும்டா.” சலூன்காரர் ரத்தத்தைத் துப்பினார். “அங்க வேலியோரம் ஏணி போட ஒரே ஒரு சந்துதான். நோயாளிக்கு எடம் விடுன்னு எல்லாரும் என்னைத் தள்ளி விட்டிருப்பாங்க. ஒரே ஒரு படம்டா! நான் சாவறதுக்குள்ள ஒரு நல்ல படம் எடுக்கணும்னு நெனச்சேன். உங்கண்ணன் எப்படியும் சாகப்போறவர்தானே!”

அந்தக் கடைசி வாக்கியத்தைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். டிரைவர் வாசலுக்குப் போய் ஷட்டரைக் கடகடவென்று இழுத்து இறக்கி உள்ளே தாழிட்டார். திரும்பி வந்து, தரையில் தவழ்ந்து போய்க்கொண்டிருந்தவரைப் புரட்டிப் போட்டு நெஞ்சின் மேல் முழங்காலை ஊன்றினார். இரண்டு கட்டைவிரல்களும் தொண்டையில் இறங்கின. சலூன்காரரின் கண்கள் பிதுங்கின. குதிகால் தரையை உதைத்தது, பிறகு மெதுவாக உதைத்தது. வெளியே மருந்துக்கடைக்காரர் கூட்டிக்கொண்டு வந்த ஆட்கள் ஷட்டரைத் தட்டத் தொடங்கியிருந்தார்கள்.

பேசுவதற்கு எவ்வளவு மூச்சு தேவையோ அவ்வளவுக்கு மட்டும் டிரைவர் பிடியைத் தளர்த்தினார்.

“எப்படி வந்துச்சு?”

“எ... எது?”

“நீ பாத்தியே, அது. ஆரம்பத்துலேர்ந்து சொல்லு. எங்கண்ணனுக்குச் சொல்லு.”

சலூன்காரர் அந்த முகத்தைப் பார்த்தார். உயிரோடு எழுந்திருக்க இதைத் தவிர வேறு வழி இல்லை என்பது அவருக்குப் புரிந்தது. உடைந்த பல்லுக்கு நடுவே காற்று சீறியது.

“முதல்ல வெளிச்சம் மட்டும்தான் தெரிஞ்சுது... மேகத்துக்குள்ள. சத்தமே இல்ல.”

“உம்.”

“அப்புறம் கழுத்து. நீளமா, கொக்கு மாதிரி. மூக்கைக் கீழ மடக்கிட்டு, தரையைத் தேடிக்கிட்டே வந்துச்சு. இறக்கை... பின்னால முக்கோணமா. வெள்ளைன்னா அப்படி ஒரு வெள்ளை.”

ஷட்டரில் கடப்பாரை இறங்கியது. தகரம் உள்ளே குழிந்தது. டிரைவரின் முன்கை ரத்தம் சொட்டுச் சொட்டாக சலூன்காரரின் சட்டையில் விழுந்துகொண்டிருந்தது.

“சத்தம் அதுக்கப்புறம்தான் வந்துச்சு. வேலிக் கம்பியெல்லாம் அதிருது. எந்நெஞ்செலும்பு அதிருது. சக்கரம் தரையைத் தொடப்போவுது, இதோ...” சலூன்காரர் அவசரமாகச் சொல்லி முடிக்கப் பார்த்தார்.

“மெதுவா,” என்றார் டிரைவர். “மெதுவா சொல்லுடா. அவருக்கு மூச்சு வாங்கும்.”

கைகள் தொண்டையில் இருந்தபடியே இருக்க, டிரைவர் கண்ணை மூடி, அன்றைக்கு அண்ணன் வானத்தைப் பார்த்தது போலவே முகத்தை மேலே தூக்கினார்.