வளையாத லாரியும் தொழில்நுட்பக் குழுவும்

வரதனின் லாரி ஓட்டுப் போடும் வயதைத் தாண்டியிருந்தது. திருமழிசைப் பக்கத்தில் எம்-சாண்ட் மணல் ஏற்றி, ஆவடி, அம்பத்தூர் என்று கட்டட வேலை நடக்கும் இடங்களில் இறக்குவது அதன் பிழைப்பு. பொங்கல் வரை ஒழுங்காகத்தான் திரும்பிக்கொண்டிருந்தது. அதன்பின் ஸ்டீயரிங்கை வளைத்தாலே முன்பக்கத்திலிருந்து மாடு கத்துவது போல ஒரு சத்தம் எழுந்தது. ஸ்டீயரிங்கும் கல்லாக இறுகியது. சென்னீர்குப்பத்தில் சர்வீஸ் ரோட்டுக்குள் திரும்ப, சீட்டிலிருந்து எழுந்து நின்று இரண்டு கையாலும் இழுக்க வேண்டியிருந்தது. ஒருநாள் அப்படி இழுத்தும் போதாமல் டீக்கடை பெஞ்சின் காலை உடைத்தான். பெஞ்சில் இருந்தவர் டீ சிந்தாமல் எழுந்துகொண்டது அவருடைய சாமர்த்தியம்.

வீட்டில் சோற்றைப் பிசையக்கூடக் கை தூக்க முடியவில்லை. மனைவி கிருஷ்ணப்பிரியா தோளில் தைலம் தேய்த்துவிட்டாள். அவள் பூந்தமல்லியில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள்.

"பவர் ஸ்டீயரிங்னா பவர் வண்டிதான் குடுக்கணும். நீ குடுத்துகினு கீற," என்றாள்.

வரதன் லாரி உரிமையாளர் சங்கத்தின் வாட்ஸப் குழுவில் தன் கஷ்டத்தைச் சொன்னான். அதுதான் அவன் செய்த தவறு.

சங்கத் தலைவர் ஜானகிராமன் கூட்டம் கூட்டுவதில் தீராத ஆசை உள்ளவர். லாரியை இப்போது அவர் ஓட்டுவதில்லை. லாரிகளைப் பற்றிப் பேசுவதோடு சரி. அன்று மாலையே 'ஸ்டீயரிங் ஆய்வுத் தொழில்நுட்பக் குழு' அமைந்தது. தலைவர் அவரே. உறுப்பினர் உதிரிபாகக் கடை அழகேசன். செயலாளர் டயர் கடை அஸ்கர். அவனுக்கு விருப்பமில்லை, ஆனால் கூட்டத்துக்கு அவன் கடைக்கு முன்தான் இடமிருந்தது.

குழு லாரியைச் சுற்றி வந்தது. ஒருவரும் குனியவில்லை. பானெட்டையும் திறக்கவில்லை. லாரிக்கு முன் நின்று போட்டோ மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

"ஸ்டீயரிங் பம்ப் பூட்ச்சு," என்றார் அழகேசன். அவர் கடையில் பம்ப் இருந்தது.

"அண்ணாத்தே, ஒருவாட்டி தொறந்து பாத்துட்டு..." என்று அஸ்கர் இழுத்தான்.

"சத்தம் கேக்குதே, அப்பால இன்னாத்த பாக்கறது?" என்றார் தலைவர். "டாக்டர் இருமலைக் கேட்டே சீக்கைச் சொல்றாரு. நமக்கு அந்த அனுபவம் இல்லியா?"

பம்ப் மாறியது. பழைய பம்பை அழகேசன் அக்கறையோடு துணியில் சுற்றி எடுத்துப்போனார். புது பம்ப்போடு லாரி அதே சுருதியில் கத்தியது.

குழு மறுபடி கூடியது. பம்ப் சரி, லாரி சரி, ஆக மிச்சமிருப்பது வரதன்தான் என்று தர்க்கரீதியாக முடிவுக்கு வந்தது. அவனுக்குக் கைவலு போதாது. தினமும் அவித்த முட்டை சாப்பிட வேண்டும். வரதன் உண்மையாகவே முட்டை சாப்பிட்டான். பெரியவர்கள் சொன்னால் ஏதோ இருக்கும் என்று நம்புகிற சுபாவம் அவனுக்கு. வயிறு உப்பியது, ஸ்டீயரிங் அசையவில்லை.

அந்த வாரம் சங்கத்தின் ஆண்டுவிழா. சர்வீஸ் ரோட்டோரம் ஷாமியானா போட்டு, வாசலில் தலைவரின் படத்தோடு ஆளுயரத்துக்கும் மேலாக ஒரு ஃப்ளெக்ஸ் கட்டியிருந்தார்கள். எல்லோர் முன்னிலையிலும் வரதனின் லாரியைத் தானே ஓட்டிக் காட்டப்போவதாக ஜானகிராமன் அறிவித்தார். லாரிக்கு மாலை போட்டார்கள். தலைவர் வேட்டியை மடித்துக் கட்டி ஏறினார்.

நேராக ஓடும்வரை நன்றாகவே ஓட்டினார். ஷாமியானா அருகே வலப்பக்கம் திரும்ப வேண்டும். தலைவர் ஸ்டீயரிங்கை இழுத்தார். லாரி கத்தியது. அவரும் கத்தினார். வண்டி ஆட்டோ வேகம்கூட இல்லாமல், மிக நிதானமாக, எல்லோருக்கும் ஓடி ஒதுங்கப் போதுமான அவகாசம் கொடுத்து, நேரே ஃப்ளெக்ஸுக்குள் புகுந்தது. படத்தில் தலைவரின் வாய் இருந்த இடம் கிழிந்து, அதற்குப் பின்னாலிருந்து கண்ணாடி வழியே உண்மையான தலைவர் தெரிந்தார். படத்திலிருந்த புன்னகை அவரிடம் இல்லை.

யாருக்கும் அடியில்லை. குழு அங்கேயே நாற்காலிகளை நிமிர்த்திப் போட்டு அவசரமாகக் கூடியது. அந்த இடத்தில் சாலையின் வளைவு சரியில்லை. மாற்றித் தரும்படி மனு கொடுப்பது என்று ஏகமனதாகத் தீர்மானம் ஆயிற்று. அஸ்கர் மட்டும் கை தூக்கவில்லை. அவன் வரதனிடம் வந்து மெதுவாகச் சொன்னான்:

"மாமே, என் கடை ஜாக்கியை எத்துகினு போ. இவனுங்க ரோட்ட வளைக்கறதுக்குள்ள நீ வண்டியப் பாத்துக்க."

ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டருகே காலி மனையில் வரதனும் கிருஷ்ணப்பிரியாவும் லாரியை நிறுத்தினார்கள்.

"டயர்ல காத்து கம்மியா இருக்கும். எங்க கார்ங்கள்ல பாதி கம்ப்ளைன்ட் அதான்," என்றாள் அவள். அளந்து பார்த்தார்கள். காற்று சரியாகவே இருந்தது. "சரி, நானும் குழுல சேந்துக்கறேன்," என்று சிரித்தாள்.

அடுத்து முன் அச்சை ஜாக்கியில் தூக்கினார்கள். எஞ்சினை அணைத்துவிட்டு, தரையில் படாத சக்கரங்களை ஸ்டீயரிங்கால் திருப்பிப் பார்த்தான் வரதன். சிக்காமல் பிடிக்காமல் திரும்பின.

"கீழ எதுவும் இறுகல. ஆயில் பக்கம்தான் கோளாறு."

எஞ்சினை ஓடவிட்டு, ஸ்டீயரிங் ஆயில் டப்பாவின் மூடியைக் கழற்றினான். கண்ணை நம்ப முடியவில்லை. உள்ளே ஆயில் இல்லை, நுரைதான் இருந்தது. உயரத்திலிருந்து ஆற்றி ஊற்றிய டீ போல.

"பிரியா, இங்க பாரு. ஆயில்ல காத்து சேருது. நுரை எப்டி சக்கரத்தத் தள்ளும்?"

"காத்து எங்கேந்து வருது? எங்கயும் ஒழுகலியே."

ஒழுகினால் வெளியே தெரியும். உறிஞ்சுகிற இடத்தில் ஓட்டை இருந்தால் ஆயில் வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும். அவனுக்குத் தோன்றியது இது. அவள் உடனே ஒரு துணியை ஆயிலில் நனைத்து, டப்பாவிலிருந்து பம்புக்குப் போகும் ரப்பர் குழாயின் முனையில் தடவினாள். வரதன் ஏறி ஸ்டீயரிங்கை வளைத்தான். ஆயில் ஓட்டையை அடைத்ததால் லாரியின் கத்தல் பாதியாகக் குறைந்திருந்தது. துடைத்தாள், மறுபடி கத்தியது.

"இதான்யா!" என்று வரதன் போட்ட சத்தத்தில் தெருநாய் எழுந்து ஓடியது.

குழாயின் முனை காய்ந்து வெடித்திருந்தது. அதைப் பிடிக்கும் கிளிப்பின் மரை தேய்ந்து, பேருக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. வெடித்த முனையை அறுத்துவிட்டு, புதுக் கிளிப் போட்டு இறுக்கினார்கள். ஆயில் ஊற்றி, எஞ்சினைப் போடாமல் சக்கரத்தை இந்தக் கடைசிக்கும் அந்தக் கடைசிக்கும் பலமுறை திருப்பி, காற்றுக் குமிழ்களை வெளியேற்றினார்கள். பிறகு வரதன் வண்டியை எடுத்தான். ஒரு கை போதுமாக இருந்தது. அவனுக்கு அழுகை வந்தது. வியர்வை என்று சொல்லித் துடைத்துக்கொண்டான்.

செய்தி வாட்ஸப்பில் பரவியது. மறுவாரமே பாராட்டு விழா, தொழில்நுட்பக் குழுவுக்கு. குழுவின் இடைவிடாத வழிகாட்டலால் லாரி குணமானது என்று ஜானகிராமன் பேசினார். புது பம்ப் இப்போதுதான் 'செட்' ஆகியிருக்கிறது என்றார் அழகேசன். தலைவருக்குச் சால்வை போர்த்தும்படி 'திருமதி வரதன்' மேடைக்கு அழைக்கப்பட்டாள். அவள் போர்த்தினாள். மைக்கை நோக்கிக் கை நீட்டினாள். அதற்குள் ஒலிபெருக்கிக்காரர் பாட்டுப் போட்டுவிட்டார். கீழே அஸ்கர் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தான்.

வரதன் எல்லோரையும்விட பலமாகக் கைதட்டினான். திரும்பி வரும்போது கிருஷ்ணப்பிரியா அதைக் கேட்டாள்.

"எதுக்குய்யா அப்டித் தட்டின?"

"கை தூக்க முடியுதே பிரியா! ரெண்டு மாசமா முடியலியே," என்றான் அவன்.

அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. குத்தம்பாக்கத்தில் லோடு காத்திருந்தது. அவளையும் லாரியில் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு அங்கே போனான்.