தொண்ணூற்றாறு காலிக் குப்பி

ரோசெந்தோ பசைக் கம்பெனிக்குத் தர வேண்டிய பாக்கி ஆயிரத்து முன்னூற்று எண்பத்தாறு லெம்பிரா. அதைத் தரவே வேண்டாம், ஒரு கையெழுத்துப் போட்டால் போதும் என்று ஏஜெண்டு அமில்கார் காலையிலேயே கடையில் வந்து உட்கார்ந்துவிட்டார்.

கொமயகுவேலா சந்தையில் செருப்புத் தைக்கிறவன் ரோசெந்தோ. கூடவே, டின்னில் வரும் பசையைச் சின்னக் குப்பிகளில் ஊற்றி, ஒன்று ஐந்து லெம்பிராவுக்கு விற்பான். மற்ற செருப்புக்காரர்கள் வாங்கினார்கள். சந்தைப் படியில் தூங்குகிற பிள்ளைகளும் வாங்கிப் பசி தெரியாமலிருக்க மோந்தார்கள். அவர்களில் சுயாபா என்கிற பத்து வயதுப் பெண் மோந்து மோந்து கால் இரண்டும் செயலற்றுப்போய் ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். அதைப் பற்றி நாளைக்கு அரசாங்க விசாரணை.

"படிக்கவா போற மேஸ்திரி? சும்மா ஒரு காகிதம்" என்று அமில்கார் சிரித்தார்.

ரோசெந்தோ விரல் வைத்து எழுத்தெழுத்தாகப் படித்தான். கம்பெனி தடுத்தும் கேளாமல் நானே சிறு குப்பிகளில் அடைத்து விற்றேன் என்று இருந்தது.

"வித்தது நான்தான் சார். யார் கேட்டாலும் சொல்லுவேன். குப்பி யாரு கொண்டாந்தது?"

"காலிக் குப்பிதானய்யா. அதுல என்ன இருந்துச்சு?"

"டின்னுக்கு இருபத்துநாலுன்னு நீங்கதான் இறக்குனீங்க. சின்னதா அடைச்சா சீக்கிரம் ஓடும்னீங்க. கடுகெண்ணெய் கலந்தா பிள்ளைங்க மூக்குகிட்டயே கொண்டு போகாதுன்னு ஆஸ்பத்திரி டாக்டரம்மா உங்க கம்பெனிக்கு எழுதுனாங்களாமே?"

"கலந்தா உன் கண்ணுதான் எரியும்."

"இருபது வருஷமா எரியுற கண்ணு. இன்னும் கொஞ்சம் எரிஞ்சா என்ன?"

அமில்கார் சிரிப்பை நிறுத்தினார். "கையெழுத்து போடு. இல்லன்னா பாக்கிக்கு உன் தையல் மெஷின் என் வண்டியில ஏறும்."

மெஷின் போனால் தொழில் போச்சு. பேனா எதிரே கிடந்தது. போன வாரம் சுயாபா சில்லறையை எண்ணி வைத்துவிட்டு, "மூடிய நல்லாத் திருகிக் குடு மாமா, சிந்திரும்" என்றாள். நன்றாகத்தான் திருகிக் கொடுத்தான்.

"மெஷின எடுத்துக்குங்க."

அமில்கார் அவனை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு மெஷினைத் தூக்க ஆளைக் கூப்பிட்டார். வாசலில் சந்தைக் காவலாளி குறுக்கே நின்றான். "பாக்கிச் சீட்டுல முத்திரை விழாம தொழில் சாமான் வெளிய போகாது சார். எல்லாருக்கும் அதான் இங்க வழக்கம்."

"இது வேறயா." எரிச்சலோடு ரப்பர் முத்திரையை எடுத்தார். கம்பெனி கொடுத்திருந்த பழைய பாக்கிச் சீட்டை ரோசெந்தோ நீட்ட, அதன் அடியில், எப்போதும் போல மேலே எழுதியிருப்பதைப் பார்க்காமலே குத்திக் கையெழுத்தும் போட்டார்.

மெஷின் வண்டியில் ஏறிய பிறகு ரோசெந்தோ சீட்டை விரித்து, விரல் வைத்து, உரக்கப் படித்தான்.

"பசை டின் நாலு. காலிக் குப்பி மூடியோட தொண்ணூத்தாறு, கம்பெனி இலவசம்."

அமில்கார் படியில் நின்றுவிட்டார். "அதை இப்படிக் குடு."

"நாளைக்கு விசாரணையில குடுக்கிறேன் சார். என் பேரும் இதுலதான இருக்கு."

காவலாளி நகரவில்லை. சுற்றி செருப்புக்காரர்கள் கூடிவிட்டார்கள். ரோசெந்தோ சீட்டை மடித்துச் சட்டைக்குள் வைத்தான். அதன் அடியில் முத்திரை மை இன்னும் ஈரமாக இருந்தது: பாக்கி தீர்ந்தது.